ஆண்கள் வார்டில் நானூறு படங்கள்

இடிக்கப் போகிற கட்டடத்தை உள்ளும் புறமும் படம் எடுத்துத் தர ஓர் ஆள் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் பெரியநாயகத்தைக் கூப்பிட்டேன். இடிப்பு அனுமதிக்கான கோப்பில் வைக்க இருபது படம் போதும். திண்டிவனம் மேம்பாலத்தை ஒட்டி ஸ்டுடியோ வைத்திருக்கிறவர் அவர். வயது ஐம்பத்தெட்டு. என் பட்டமளிப்பு விழாப் படத்துக்குச் சட்டம் போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். எங்கள் தெருவிலேயே முதன்முதலாகக் கறுப்பு அங்கி போட்டுப் படம் எடுத்துக்கொண்டவன் நான். பி.ஏ. வரலாறு. அந்தப் பழக்கத்தில் அவருக்கே போன் செய்தேன்.

எந்தக் கட்டடம் என்று கேட்டார். சொன்னேன். "எப்ப வரணும்?" என்றார். எவ்வளவு தருவீர்கள் என்று கேட்கவில்லை.

கட்டடம் ஒலக்கூருக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, நெடுஞ்சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே இருந்தது. ஒரு டிரஸ்ட் நடத்திய மனநல மருத்துவமனை. சுற்றுப்பட்டு ஊர்களில் யாரும் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள், பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். அடம் பிடிக்கிற பிள்ளைகளை அங்கே விட்டுவிடுவதாக மிரட்டுவார்கள். என்னையும் மிரட்டியிருக்கிறார்கள். 2005இல் மூடிவிட்டார்கள். இருந்தவர்களை வேறெங்கோ கொண்டுபோனதாகச் சொன்னார்கள். பதினெட்டு வருடம் சும்மா கிடந்த பிறகு மனை போட்டு விற்கிற எங்கள் அலுவலகம் அந்த இடத்தை வாங்கியது. நான் அங்கே மேற்பார்வையாளன். சாவிக்கொத்து என்னிடம் இருந்தது. திங்கட்கிழமை ஜேசிபி வரும் என்று மேலாளர் சீனுவாசன் சொல்லியிருந்தார். பெரியநாயகம் வந்தது புதன்கிழமை காலை.

பழைய டி.வி.எஸ். வண்டியில் காமிரா முக்காலியைக் குறுக்கே கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, மடித்துத் தைத்த பேன்ட், காலில் ரப்பர் செருப்பு. ஆண்கள் வார்டு கதவைத் திறந்தேன். வௌவால் வாடை அடித்தது. நீளமான கூடம். ஆள் உயரத்துக்கு மேலே ஜன்னல்கள், அவற்றில் இரட்டைக் கம்பி. கட்டில்களை எப்போதோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். சிமென்ட் தரையில் கட்டில் கால் பதிந்த குழிகள் மட்டும் நான்கு நான்காக, சுவரோரமாகக் கடைசிவரை போயின. ஒவ்வொரு நாலு குழிக்கும் மேலே சுவரில் தாரில் எழுதிய எண். ஒன்றிலிருந்து நாற்பது வரை.

அவர் வேலை செய்கிற விதம் எனக்குப் புதுசு. முதலில் கூடத்தின் நான்கு மூலையிலிருந்தும் ஒவ்வொரு படம். பிறகு எண் ஒன்றுக்கு நேரே முக்காலியை நிறுத்தினார், எடுத்தார். இரண்டுக்கு நகர்ந்தார், எடுத்தார். மூன்றுக்கு நகர்ந்தார். ஃபிளாஷ் போடவில்லை. ஒவ்வொரு இடத்திலும் ஜன்னல் வெளிச்சம் நிதானப்படும்வரை காத்திருந்தார். பதினைந்தாவது எண்ணுக்கு வந்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணே, இருபது போதும்ணே. கிரகப்பிரவேச ஆல்பமா போடப்போறீங்க?"

"இருபது உனக்கு. மீதி எனக்கு" என்றார், திரும்பாமலே.

மதியம் புளியமரத்தடியில் உட்கார்ந்து தான் கொண்டுவந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டார். யார் கட்டிக் கொடுத்தது என்று கேட்டேன். நானேதான் என்றார். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஸ்டுடியோவுக்குப் பின்னால் இருக்கிற அறையில்தான் குடியிருப்பு. திண்டிவனத்தில் பாதிப் பேருடைய கல்யாணத்தைப் படம் எடுத்தவர்.

இரண்டாம் நாள் தனி அறைகள். சமையல்கட்டுக்குப் பின்னால் வரிசையாக எட்டு அறை, ஒவ்வொன்றும் ஒரு ஆள் படுக்கிற அளவு. கதவில் சாப்பாட்டுத் தட்டு நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. ஐந்தாவது அறைச் சுவரில் ஒரு பஸ் படம் இருந்தது. கரியால் வரைந்தது. யாரோ பல நாள் உட்கார்ந்து வரைந்திருக்க வேண்டும். சக்கரத்து நட்டு வரைக்கும் இருந்தது. முன்பலகையில் 'விழுப்புரம்' என்று எழுதியிருந்தது. ஜன்னல் ஒவ்வொன்றிலும் ஒரு தலை. டிரைவர் இருக்கை மட்டும் காலி.

அவர் அதன் எதிரே முக்காலியை நிறுத்தினார். ஆனால் எடுக்கவில்லை. குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, ஆபீஸ் ரூம் சாவி இருக்கிறதா என்று கேட்டார். அங்கே என்ன வேலை என்று கேட்டேன். ரிஜிஸ்டர் பார்க்க வேண்டும் என்றார்.

"யாரைத் தேடுறீங்கண்ணே?"

"எங்க அண்ணன் இங்க இருந்தாரு" என்றார். "அவரு படம் ஒண்ணு வோணும். என்கிட்ட ஒண்ணுகூட இல்ல."

ஒரு போட்டோக்காரரின் அண்ணனுக்குப் படம் இல்லையா என்று கேட்டேன். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் அவர் தன் கதையைச் சொன்னார். விட்டு விட்டு, இரண்டு நாளில் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

அவர்களுக்கு முகையூர். கத்தோலிக்கக் குடும்பம், கொஞ்சம் நிலம். அண்ணன் சவரிநாதன், அடுத்து இவர், கடைசியாகத் தங்கை லூர்துமேரி. சவரிநாதன் நல்ல உழைப்பாளி. இருபத்து நாலு வயதில் திடீரென்று தூக்கம் போய்விட்டது. கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவதாகச் சொன்னார். ஒருநாள் இறங்கியும் விட்டார். 1988இல் அப்பாவும் இவரும் அவரை இரண்டு பஸ் மாற்றி இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். தங்கை அப்போது விழுப்புரத்தில் கன்னியர் மட விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சொல்லவில்லை. அடுத்த வருடம் அவளுக்குச் சம்பந்தம் வந்தது. பையன் வீட்டில் மூத்த அண்ணன் எங்கே என்று கேட்டார்கள். அப்பா யோசிக்காமல் சொல்லிவிட்டார்: பிரதர் ஆகிவிட்டான், பீகாரில் மிஷன் வேலைக்குப் போயிருக்கிறான்.

அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் இது பெருமையான பதில். மாப்பிள்ளை வீட்டார் எழுந்து கும்பிட்டார்களாம். அதற்கு மேல் யாரும் விசாரிக்கவில்லை. ஆனால் துறவியாகப் போன பிள்ளையின் படம் சுவரில் இல்லாத வீடு உண்டா? இவர் அப்போது திண்டிவனத்து ஸ்டுடியோவில் படத்தைத் திருத்துகிற டச்சிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை போட்ட ஆளுக்குக் கோட்டும் டையும் போட்டுவிடுவது அன்றாட வேலை. வீட்டில் இருந்த ஒரே குடும்பப் படத்தின் நெகட்டிவிலிருந்து அண்ணனின் தலையை வெட்டி எடுத்து, ஒரு சாமியாரின் வெள்ளை அங்கிக்கு மேலே ஒட்டினார். முகத்தை வெளுப்பாக்கினார். கண்ணை அமைதியாக்கினார். உதட்டைச் சரி செய்தார். பிறகு மாட்டிக்கொள்ளக் கூடாது என்று மிச்ச நெகட்டிவையும் பிரின்டையும் கொளுத்திவிட்டார். அந்த அங்கிப் படம்தான் முப்பத்து நாலு வருடமாகத் தங்கை வீட்டுச் சுவரில் இருக்கிறது.

"நல்லா வந்திருந்திச்சி" என்றார். "என் முதலாளியே பார்த்துட்டு இன்னாடா இம்மாம் நீட்டா பண்ணியிருக்கேன்னாரு."

கல்யாணம் முடிந்த பிறகாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல முடியவில்லை. தங்கை அண்ணனுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தாள், இவரிடம்தான். பதில் ஸ்டுடியோ விலாசத்துக்கு வரும் என்று இவர் சொல்லி வைத்திருந்தார். பதிலை இவரே எழுதினார், இடது கையால். வருடத்துக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு. அப்பா இறந்தார். மிஷனில் விடுப்பு கிடைக்கவில்லை என்று எழுதினார். அம்மா உண்மை தெரிந்தே இறந்தாள். இவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் வீட்டாரிடம் அந்தப் பொய்யை இன்னொரு தடவை சொல்ல வேண்டும், பிறக்கிற பிள்ளைக்கும் அந்தச் சீக்கு வந்தால் யாரிடம் போய் நிற்பது என்று பயம்.

இந்த ஆஸ்பத்திரிக்கு அவர் கடைசியாக வந்தது 1993இல். சவரிநாதன் தம்பியை அடையாளம் கண்டுகொண்டார். கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குக் கூட்டிப்போ என்றார். அடுத்த மாதம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு இவர் பஸ் ஏறினார். பிறகு வரவே இல்லை. ஆஸ்பத்திரியை மூடியது பேப்பரில் பார்த்துத்தான் தெரியும். அப்போதும் வரவில்லை. அண்ணன் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதே அவருக்குத் தெரியாது. எந்தக் கட்டிலில் படுத்தார் என்பதும் தெரியாது. அதனால்தான் நாற்பது எண்ணையும், எண்ணுக்குப் பத்தாக, நானூறு படம் எடுத்தார்.

எனக்குக் கோபம் வந்தது. மறைக்கவில்லை, அவரிடமே சொன்னேன். முப்பது வருடம் இதே ரோட்டில் கல்யாணத்துக்குக் கல்யாணம் போய் வந்திருக்கிறீர்கள், ஒரு தடவை வண்டியை இந்தப் பக்கம் திருப்பியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். திருப்பியிருக்கலாம் என்றார். அவ்வளவுதான். சண்டை போடக்கூட ஆள் இல்லாமலே வாழ்ந்து பழகியவர்.

மூன்றாம் நாள் ஆபீஸ் ரூம் பூட்டை உடைத்தோம். சாவி பொருந்தவில்லை. உள்ளே இரண்டு இரும்பு பீரோ. ஒன்றில் கரையான் புகுந்து காகிதமெல்லாம் மண்ணாகியிருந்தது. இன்னொன்றில் சேர்க்கைப் பதிவேடுகள் இருந்தன. சீனுவாசன் போனில், பழைய பேப்பரையெல்லாம் சனிக்கிழமை காயலான் கடை வண்டியில் ஏற்றிவிடச் சொன்னார். சரி சார் என்று சொல்லிவிட்டுப் பதிவேடுகளை வெளியே வெயிலில் பரப்பினேன். படித்த படிப்புக்கு அன்றுதான் வேலை வந்தது. வருடவாரியாகப் பிரித்து அடுக்கினேன். 1988 கிடைத்தது.

சவரிநாதன், தகப்பன் பெயர், முகையூர், வயது 24. அப்பாவின் கைநாட்டு. சாட்சி என்கிற இடத்தில் பெரியநாயகத்தின் கையெழுத்து. அது படிக்கிற பிள்ளையின் கையெழுத்து மாதிரி இருந்தது. படம் ஒட்டிய இடத்தில் பழுப்பாக ஒரு சதுரம் மட்டும் இருந்தது. கோந்தைப் பூச்சி தின்றுவிட்டது. அந்தப் பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் ஒரு வரி: 14.8.1999 இறப்பு. அடக்கம் இங்கே.

அவர் அந்த வரியை விரலால் தொட்டார். பிறகு காமிராவை எடுத்து அந்தப் பக்கத்தைப் படம் எடுத்தார். எடுத்துவிட்டுத் தள்ளிப் போய் வேப்பமரத்தைப் பார்த்து நின்றார்.

உதிர்ந்த படங்கள் பீரோவின் அடித்தட்டில் ஒரு பழுப்பு உறையில் கிடந்தன. யாரோ பொறுப்பாகப் பொறுக்கிப் போட்டிருக்கிறார்கள். நூற்றுக்கும் மேல். பேன் இருக்கும் என்று சேர்த்த அன்றே மொட்டையடித்து, ஆஸ்பத்திரிச் சட்டையைப் போட்டுவிட்டு எடுத்த படங்கள். எல்லாம் ஒரே சுவர், ஒரே சட்டை, ஒரே மொட்டை. பின்பக்கத்து எண்கள் அழிந்துவிட்டன. நான் வயதை வைத்துக் கழித்தேன். அவர் முக அமைப்பை வைத்துக் கழித்தார். சாயங்காலம் மூன்று படங்கள் மிஞ்சின.

மூன்றையும் சிமென்ட் மேடையில் வரிசையாக வைத்தார். நான் பக்கத்தில் நின்று, எதுண்ணே என்று கேட்டேன். வெளிச்சம் போகிற வரைக்கும் அவர் பார்த்தார்.

"தெரியல" என்றார். "கண்ணை மூடினா அந்த அங்கி படம்தான் வருது. நான் வரைஞ்ச மூஞ்சி."

ஒருவேளை மூன்றாவதாக இருக்கலாம் என்றார். பிறகு அதுவும் இல்லை என்றார். நாற்பது வருடமாக முகத்தை மட்டுமே பார்த்துப் பிழைத்தவர். கூடப் பிறந்தவனைக் கண்டுபிடிக்க இன்னொருத்தரைக் கேட்க வேண்டியிருந்தது. உலகத்தில் அந்த முகம் தெரிந்தவர் இன்னும் ஒரே ஒருத்திதான் இருந்தாள். அவளிடம் போனால் முப்பத்து நாலு வருடத்துப் பொய்யையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போகாமல் இருந்தால் மூன்று பேரில் ஒருத்தர் அண்ணன் என்று வைத்துக்கொண்டு சாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டார். "நீயும் கூட வா தம்பி. வேத்து ஆளு இருந்தா அவ கத்தமாட்டா."

விழுப்புரத்தில் பஸ் மாறித் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது பூசை முடிந்து சனம் கலைந்துகொண்டிருந்தது. லூர்துமேரி வீட்டு வாசலில் மல்லாட்டைக் கடலை காயப் போட்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். அண்ணனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாண்ணே. இன்னா சொல்லாம கொள்ளாம? யாரு இந்தத் தம்பி, பொண்ணு கிண்ணு பார்க்க வந்தீங்களா?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே கூப்பிட்டாள். "குந்து தம்பி."

சுவரில் அங்கிப் படம் இருந்தது. இவ்வளவு கதை கேட்ட பிறகும் அதைப் பார்த்து எனக்குச் சந்தேகமே வரவில்லை. அத்தனை நன்றாகச் செய்திருந்தார்.

அவர் மூன்று படத்தையும் மேஜைமேல் வைத்தார். பெரிதாக்கிப் பிரின்ட் போட்டுக் கொண்டுவந்திருந்தார். லூர்துமேரி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு குனிந்தாள். ஒரு நொடிகூட ஆகவில்லை. நடுவில் இருந்ததை எடுத்தாள்.

"பெரியண்ணன் ஏன் மொட்டை போட்டுக்கினு கீறாரு? வேளாங்கண்ணியில எடுத்ததா?" என்றாள். "பாரேன், கீழ் ஒதட்டைக் கடிச்சிக்கினு. போட்டான்னாலே இப்பிடித்தான் நிப்பாரு."

அந்த உதட்டைத்தான் பெரியநாயகம் டச்சிங்கில் சரி செய்திருந்தார். சரி செய்ததையே மறந்துவிட்டிருந்தார்.

அவர் சொல்ல ஆரம்பித்தார். தரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். கிணறு, ஆஸ்பத்திரி, அப்பா சொன்ன பதில், வெட்டின நெகட்டிவ், கடைசியாக வந்துவிட்டுப் போன நாள், சிவப்பு மை. லூர்துமேரி கத்தவில்லை. அவர் சொன்னது சரிதான். கையில் இருந்த படத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"தொண்ணூத்தி ஒம்போதுல செத்துட்டாரு. சரி. என் பேத்தி பொறந்தப்ப பேரு வெக்கச் சொல்லி எழுதினேனே. வெண்ணிலான்னு எழுதி வந்திச்சே. சாமி வேலை பார்க்கறவரு வாயால வந்த பேருன்னு ஊரு பூரா சொல்லிக்கினு திரிஞ்சேனே. அது யாரு வெச்சது?"

"நான்தான் மேரி."

அவள் எழுந்து மற்ற இரண்டு படத்தையும் அவர் கையில் கொடுத்தாள். நடுப் படத்தைத் தரவில்லை.

"நீ கெளம்புண்ணே" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, நீ ஒரு வாய் சாப்ட்டுப் போ" என்றாள்.

கூடப் பிறந்தவனைச் சாப்பிடச் சொல்லாமல் அனுப்புகிற வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. நான் பசியில்லை என்று சொல்லிவிட்டு அவரோடு வெளியே வந்தேன். பஸ் ஏறின பிறகு, "நான் மூணாவதுன்னு இல்ல நெனச்சேன்" என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை ஜேசிபி வந்தது. ஆண்கள் வார்டு ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. பின்பக்கத்தில் புதைத்த இடம் என்று அடையாளம் எதுவும் இல்லை, கருவேலம் மூடிக் கிடந்தது. அந்த மூலையை மட்டுமாவது மனை போடாமல் விடலாம் என்று சீனுவாசனிடம் கேட்டேன். பூங்காவுக்கு எப்படியும் இடம் விட வேண்டும், அங்கே விட்டுவிடலாம் என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பதிவேடுகளைக் காயலான் கடைக்குப் போடவில்லை. அவை என் வீட்டுப் பரணில் இருக்கின்றன. உறையில் இருந்த படங்களைப் பெரியநாயகம் ஒவ்வொன்றாகத் துடைத்து ஸ்கேன் செய்தார். யாராவது தேடி வந்தால் கொடுக்கலாம் என்றார். யாரும் வரவில்லை.

அதன் பிறகு வாரம் ஒருமுறை அவர் தங்கைக்குப் போன் செய்தார். அவள் எடுக்கவில்லை. மருமகன் எடுத்து, அத்தை கோயிலுக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்லுவான்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். இறந்தவர்களின் கல்லறையைச் சுத்தம் செய்து, சுண்ணாம்பு அடித்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். ஒவ்வொரு வருடமும் அண்ணனும் தங்கையும் சேர்ந்துதான் அப்பா அம்மா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிப்பார்களாம். அந்த வருடம் அவருக்கு அழைப்பு இல்லை. என் பைக்கில் முகையூர் போனோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. கல்லறைத் தோட்டம் முழுக்கச் சனம், சாமந்தி வாடை, பிள்ளைகள் உருகிய மெழுகை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தன.

அவர்களுடைய கல்லறையில் சுண்ணாம்பு ஏற்கெனவே காய்ந்திருந்தது. சிலுவையில் சாய்த்து ஒரு படம் வைத்திருந்தார்கள். மொட்டைத் தலை, ஆஸ்பத்திரிச் சட்டை, கடித்த உதடு. கீழே: சவரிநாதன், 1964–1999. மாலை போட்டிருந்தது. அதன் எதிரே லூர்துமேரி, மகள், மருமகன், பேத்தி எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். பெரியநாயகம் தோட்டத்துச் சுவரோரம் நின்றுவிட்டார். நான் கூப்பிட்டும் நகரவில்லை. லூர்துமேரி ஒருமுறை திரும்பினாள். பார்த்தாள். பார்த்துவிட்டுப் பேத்தியின் தலைமுடியைச் சரி செய்தாள்.

அவர்கள் கிளம்பிப் போக ஒரு மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகு அவர் கல்லறைக்குப் போனார். சட்டைப் பையிலிருந்து ஒரு மெழுகுவர்த்தி எடுத்து ஏற்றினார். முட்டி போட்டு, படத்தைக் கிட்டத்தில் பார்த்தார். சட்டத்தின் பின்னால் விழுப்புரத்து ஸ்டுடியோ ஒன்றின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"ஒண்ணும் தொடல பாரு" என்றார். "கண்ணுக்குக் கீழ கறுப்பு அப்பிடியே வுட்டிருக்கான். நானா இருந்தா எடுத்திருப்பேன்."

உங்கள் காமிரா வண்டியில் இருக்கிறது, ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்களேன் என்று சொன்னேன்.

"வேணாம். கேட்டுட்டுத்தான் எடுக்கணும்."

"யாரைண்ணே?"

"அவளை" என்றார்.

லூர்துமேரி குடும்பம் வந்த வேன் அதற்குள் தெருமுனை திரும்பியிருந்தது. அவர் எழுந்து முட்டியில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டாமலே நடந்தார். நான் பைக்கை எடுத்தேன்.